நோட்டரி முத்திரை போட்டால் மனை நமக்கா?

'மனை வாங்க 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, முத்திரைத்தாளில் கிரய அக்ரிமெண்ட் போட்டோம். நோட்டரி வக்கீலின் முத்திரையும் இருக்கிறது. பத்திரம் முடிக்கக் கூப்பிட்டால் விற்பவர் பிடிகொடுக்கவில்லை. நோட்டரி போட்டதால் மனை எங்களுக்குத்தானே?' என்று கேட்கிறார், கடலூர் வாசகி ஒருவர்.

இல்லை, சகோதரி. கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி. மனை யாருடையது என்று அந்த முத்திரை சொல்லாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும், சொத்து தொடர்பான பவர் பத்திரத்தையும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். 'நோட்டரியே போதும், செலவு மிச்சம்' என்பார் புரோக்கர். யாருக்கு மிச்சம்? பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. அதே மனையை வேறொருவர் வாங்க வந்தால், உங்கள் அட்வான்ஸ் அவர் கண்ணிலேயே படாது!

முத்திரையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1956-ம் வருட நோட்டரி விதிகளின்படி அது 5 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக இருக்க வேண்டும். நோட்டரியின் பெயர், அவருக்கு அனுமதியுள்ள பகுதி, பதிவு எண், அவரை நியமித்த அரசின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவரது தொழில் சான்றிதழ் 5 வருடத்துக்குத்தான்; பிறகு புதுப்பிக்க வேண்டும். அவர் வைத்திருக்கும் பதிவேட்டிலும் விற்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். 'நான் கையெழுத்தே போடவில்லை' என்று நாளை அவர் சாதித்தால், அந்தப் பக்கம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். டீக்கடையில் கையெழுத்து வாங்கி, ஆளைப் பார்க்காமலே முத்திரை குத்தி வாங்கியிருந்தால் அதுவும் இருக்காது.

அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பதிவாகாத கிரய ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் குறித்த கெடு தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். விற்பவர் 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று இழுப்பது இதற்காகவும் இருக்கலாம்.

இந்த வாரமே புதிய வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனை இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், மீதிப் பணம் தயாராக இருப்பதைச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பாங்க் பாஸ்புக்கையும் அட்வான்ஸ் ரசீதையும் வக்கீலிடம் எடுத்துப் போக மறக்காதீர்கள்.