காலகேயர் மொழியும் பெத்தாவின் மொழியும்

சென்ற விடுமுறையிற் கோமாரியிலுள்ள உறவினர் இல்லமொன்றிற் சில நாட்கள் தங்கியிருந்தோம். ஒரு மாலை வேளை கடற்கரை மணலிற் சிறுவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து, தென்னை மட்டைகளை வாளாக ஏந்திப் போர் புரிந்துகொண்டிருந்தனர். ஒரு படைத் தலைவன் நாவைச் சொடுக்கி, நமக்கு விளங்காத ஏதோ மொழியிற் கர்ச்சித்தான்.

“இது என்ன பாஷை, தம்பி?” என்றோம்.

“காலகேயர் பாஷை, மாமா! ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ.”

2015ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் தொலைக்காட்சி வழியே இல்லந்தோறும் புகுந்த ‘பாகுபலி’ திரைப்படத்தை நேயர்கள் அறிவர். அதில் வரும் காலகேயருக்காகக் கவிஞர் மதன் கார்க்கி படைத்த மொழியே ‘கிளிக்கி’. வாய்க்கு வந்த ஓசைகளைக் கூட்டிவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் வகுத்தார். ‘மின்’ என்பதன் ஒலிகளைத் திருப்பினால் ‘நிம்’ வருகின்றதன்றோ? எதிர்ப்பொருளுக்கு ஒலியைத் திருப்புவதென்னும் இத்தந்திரத்தைச் சிறுவர் ஒரே நாளிற் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஆஸ்திரேலியாவில் உயர்கல்வி பயின்ற காலத்திற் சிறுவர்களுக்கு விளையாட்டாகக் கற்பித்த ஒரு மொழியே இதற்கு வித்து என்பர். ‘கநீ கவா’ என்று எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்துப் பெரியோர் காதிலிருந்து இரகசியம் காத்த நமக்கு இது அந்நியமான கலையன்று.

மேனாட்டுத் தொலைக்காட்சியில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய நாவலில் டோத்ராக்கி என்னும் குதிரை வீரர் கூட்டத்தின் மொழி சில சொற்களாகவும் பெயர்களாகவும் மட்டுமே காணப்பட்டது. 2011இல் அக்கதை ‘கேம் ஒவ் த்ரோன்ஸ்’ தொடராக வந்தபோது, டேவிட் பீற்றர்சன் என்னும் மொழியியலாளர் அச்சிறு விதைகளிலிருந்தே முழுமொழியை வளர்த்தெடுத்தார். “நன்றாகச் சவாரி செய்கின்றீரா?” என்பதே அம்மொழியில் நலம் விசாரிக்கும் முறை. ‘நன்றி’ என்பதற்கோ சொல்லே இல்லை! மக்களின் வாழ்வை முதலிற் கண்டு, பின்னரே சொல்லைக் கண்டமையால் அம்மொழி உயிருடன் ஒலிக்கின்றது. கிளிக்கியிலே நமக்கொரு சிறு மனக்குறை உண்டு. இத்தனை இலக்கணம் பெற்ற மொழி, திரையில் அச்சமூட்டும் முரட்டுக் கூட்டத்தாரின் கூச்சலாகவே நின்றுவிட்டது.

இரவு உணவின்போது அவ்வீட்டுப் பெத்தா கதை சொல்லத் தொடங்கினார். “மறுகா அந்த ராசா...” என்றதுதான் தாமதம், பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். “பெத்தாட ‘மறுகா’!” என்று ஒருவன் நையாண்டி செய்தான். ‘பிறகு’ என்னும் பொருளில் மட்டக்களப்புத் தமிழகம் முழுதும் வழங்கும் சொல் அது. கல்முனைச் சந்தையிலே தமிழரும் முஸ்லிம்களும் பேதமின்றிப் பேசுவது. பெத்தா ஒரு கணம் நின்று, “பிறகு அந்த ராசா...” என்று திருத்திக்கொண்டார். அதன்பின் கதையிற் சுவையும் குன்றிற்று, விரைவிலே முடிந்தும் போயிற்று.

கிளிக்கியைக் கற்பிக்கும் இணையத்தளம் 2020ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது, உலகத் தாய்மொழி நாளிலே. அச்செய்தியை மறுநாட் காலை அப்படைத் தலைவனிடம் கூறி, “உன் காலகேயருக்கு 750 சொற்கள் உண்டு. பெத்தாவிடம் மாத்திரம் உள்ளவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாயா?” என்றோம். சற்று யோசித்தவன், கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினான்.

“பெத்தா, மறுகா எண்டா என்ன?”

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கு மனே, மறுகாலும் சிரிக்கவா?”