வெடிக்காத துப்பாக்கிகள்

2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதி, பீஹார் ராஜ்யத்து ஸுபால் ஜில்லாவில், காலஞ்சென்ற முன்னாள் முதல் மந்திரி ஸ்ரீ ஜகந்நாத மிசிரருக்கு ராஜாங்க மரியாதையுடன் ஈமக்கிரியை நடைபெற்றது. முதல் மந்திரி ஸ்ரீ நிதீஷ் குமாரும் அங்கிருந்தார். மரியாதை வேட்டுக்கு உத்தரவு பிறந்தது, போலீஸார் 22 துப்பாக்கிகளின் விசையை அழுத்தினர், ஒன்றேனும் வெடிக்கவில்லை. தேசமெங்கும் இதைக் கேட்டு நகைத்தார்கள். நாம் நகைப்பதற்கில்லை. சிதைக்குப் பதிலாகக் கொள்ளைக் கூட்டமொன்று எதிரில் நின்றிருந்தால் அந்த 22 கான்ஸ்டபிள்களின் கதி யாது?

குற்றம் தோட்டாவினதா, துப்பாக்கியினதா என்னும் வாதத்தில் நாம் இறங்கவில்லை. எதுவாயினும், முன்கூட்டிச் செவ்வையாகச் சோதித்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திராது.

இதற்கு அதிகாரிகள் கூறும் சமாதானம் நாம் அறிந்ததே: பழைய ஆயுதங்கள் கழிக்கப்படுகின்றன, புதியவை வருகின்றன என்பார்கள். உண்மைதான். 2008 நவம்பரில் பம்பாய் சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகளின் தானியங்கித் துப்பாக்கிகளுக்கெதிரே .303 ரைபிளுடன் போலீஸார் நின்ற காட்சியை ஜனங்கள் மறக்கவில்லை. 1945 முதல் உழைத்த அந்த ரைபிளுக்கு உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தினத்தன்றுதான் விடை கொடுத்தனர். ஆனால், புதிய துப்பாக்கியும் நாளை பழையதாகும். பார்ப்பாரில்லாவிடில் எஃகு தானே தேயும்.

தேய்வு நேரும் வகைகள் மூன்று. வெடிமருந்தின் உஷ்ண வாயு, தோட்டா அறைக்கு முன்னேயுள்ள பாகத்தை அரிக்கும். கார்டைட் மருந்து மெட்போர்டின் ஆழமற்ற வரிகளை விரைவில் அழித்ததனாலேயே, ஆங்கிலேயர் 1895-இல் ஆழமான என்பீல்டு வரிகளுக்கு மாறினர். இரண்டாவது, பழைய தோட்டாக்களின் கேப்பு விட்டுச் செல்லும் உப்பு. அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். அக்காலச் சிப்பாய்கள் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது இதற்காகவே. மூன்றாவது, துப்புரவுக் கயிற்றைக் கோணலாக இழுப்பதால் குழல்வாய் ஒரு பக்கமாகத் தேய்தல். சிரத்தையே இங்கு சேதமாகிறது.

இவற்றைக் கண்டறியப் பெருந்தொகை வேண்டுவதில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் நிச்சயித்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி, எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும்; எண்ணெய் பூசிய குழல் குறையை மறைத்துப் பளபளக்கும். பின்புறம் வெள்ளைக் காகிதத்தை வைத்து வெளிச்சம் காட்டினால், வரிகளின் ஓரம் கூர்மையாயிருக்கிறதா, கரும்புள்ளிகள் உளவா என்பது தெரியும். மருந்தில்லாத வெறுங் குண்டொன்றைக் குழல்வாயில் வைத்தால், அது எவ்வளவு தூரம் இறங்குகிறதென்பதே வாயின் தேய்வைக் காட்டும். தோட்டா அறைக்குக் கேஜ் உண்டு. .303 ரைபிளில் 0.064 அங்குல கேஜின் மேல் போல்ட் தடையின்றி மூட வேண்டும், 0.074 அங்குல கேஜின் மேல் மூடலாகாது. மூடினால், சுடும்பொழுது தோட்டாக்கூடு நீண்டு அடிப்பாகத்தில் அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவன் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். சுட்ட கூட்டின் அடியருகே பளபளக்கும் வளையம் இதற்கு முன்னறிவிப்பு. இறுதியாக, இலக்கட்டையில் துளை வட்டமாயில்லாமல் நீண்டு கிழிந்திருந்தால், குண்டு புரண்டு செல்கிறதென்பது கண்கூடு.

ஒரு கேஜ் ஜோடி ஒரு ஜில்லாவின் .303 ரைபிள்கள் யாவற்றையும் சோதிக்கப் போதும். பணமன்று, பழக்கமும் பொறுப்புமே குறைவு. போலீஸ் ராஜ்யங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. போலீஸ் படையைப் புதுப்பிக்க 1969 முதல் மத்திய சர்க்காரும் உதவுகின்றது. புதிதாய் வாங்குவதற்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கைத் தேர்ந்த ஆயுத மிஸ்திரிகளுக்கும் கேஜ்களுக்கும் ஒதுக்குவதில் என்ன தடை? ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சுட்ட தோட்டாக்களின் கணக்கும், வருஷந்தோறும் பரிசோதித்தவரின் கையெழுத்தும் இருத்தல் வேண்டும். தவறியது தயவின்றிக் கழிக்கப்படல் வேண்டும்.

இது கான்ஸ்டபிளின் உயிரைப் பற்றியது மட்டுமன்று. தேய்ந்த குழலிலிருந்து புறப்படும் குண்டு குறி தவறினால், அது குற்றமற்ற பிரஜையின் மார்பில் பாயலாம். சட்டத்தின் பேரால் ஆயுதத்தை ஒருவன் கையில் கொடுக்கும் சர்க்கார், அவ்வாயுதம் செம்மையானதா என்று பார்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டது. அடுத்த வேட்டு வெடிக்காமற் போகும்வரை காத்திராமல், சட்டசபை அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை இப்பொழுதே கேட்பார்களாக.