துரத்தித் துரத்தி ஊட்டாதீங்க... பசிக்கட்டும்!

3 கிலோ எடையில் பிறக்கிற குழந்தை, முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோவைத் தொட்டுவிடுகிறது. மூன்று மடங்கு! அதே வேகத்தில் போனால் இரண்டாவது பிறந்தநாளுக்கு 27 கிலோ இருக்க வேண்டும். நல்லவேளை, இயற்கைக்குக் கணக்குத் தெரியும். இரண்டாவது வருஷம் முழுவதும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையத்தானே செய்யும்?

இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் நம் வீடுகளில் மூன்று வேளையும் ஒரு யுத்தம் நடக்கிறது. கையில் கிண்ணத்தோடு அம்மா, அவளுக்கு முன்னால் ஓடும் பிள்ளை, பின்னால் செல்போனைப் பிடித்துக்கொண்டு அப்பா. ஊஞ்சலில் உட்கார்ந்து, "எங்க காலத்துல நாங்க இப்படியா வளர்த்தோம்?" என்று மாமியார். கடைசியில் அழுவது குழந்தை மட்டுமில்லை, அந்தத் தாயும்தான்.

"நல்லா பசி எடுக்க ஏதாவது லேகியம் குடுங்க டாக்டர்" என்று என்னிடம் கேட்பார்கள். சித்த வைத்தியர் என்றால் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு லேகிய டப்பா இருக்கும் என்று நினைப்பு! நான் லேகியம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பேன். நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை பிள்ளையின் வாய்க்குள் போனதை எல்லாம் எழுதச் சொல்வேன். ஆறரை மணிக்கு ஒரு டம்ளர் பால், அதில் இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடர். எட்டரைக்கு அரை இட்லி. பத்து மணிக்கு நாலு பிஸ்கட். பதினொன்றுக்கு, 'காலையில ஒண்ணுமே சாப்பிடலையே' என்று மறுபடி பால். பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஒரு முறுக்கு. ஒரு மணிக்குச் சோறு, 'தொடவே இல்லை டாக்டர்!'

எப்படித் தொடுவான்? வயிறு நிறைந்திருக்கிறது. 'சாப்பிடவில்லை' என்று நம் வீடுகளில் சொன்னால், 'சோறு சாப்பிடவில்லை' என்றுதான் அர்த்தம். பாலும் பிஸ்கட்டும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பால் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பால் நல்ல உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வயசுக்கு மேல் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். அதற்கு மேல் போனால் சோற்றுக்கும் பருப்புக்கும் கீரைக்கும் வயிற்றில் இடமில்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது தடுக்கும். இரும்பு குறைந்தால் ரத்தசோகை, ரத்தசோகை வந்தால் பசி மந்தம், பசி மந்தமானால் இன்னும் பால்! செக்குமாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வருகிறோம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 சதவீதம். 'இதெல்லாம் ஏழை வீட்டுச் சமாச்சாரம்' என்று நினைக்காதீர்கள். தினமும் ஒரு லிட்டர் பால் வாங்குகிற வீட்டிலும் வெளுத்த குழந்தை இருக்கிறது.

இரண்டேகால் வயசுப் பெண் குழந்தை ஒன்று. அம்மா வங்கியில் வேலை பார்க்கிறார். பகலில் ஆச்சியின் பொறுப்பு. குழந்தை சிணுங்கினால் புட்டி, தூங்கினால் புட்டி, எழுந்தால் புட்டி. கணக்குப் போட்டால் ஒரு லிட்டருக்குக் குறையவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், காகிதம் மாதிரி இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8. "அயச்செந்தூரம் கொடுத்தா ஆகாதா ஐயா?" என்று ஆச்சி கேட்டார். இந்த வயசில் இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் நான் குழந்தை நல மருத்துவரிடம்தான் அனுப்புவேன். இதில் வைத்திய முறைக்கு வைத்தியமுறை கௌரவம் பார்க்கக் கூடாது. அவர் இரும்புச் சொட்டு மருந்து எழுதினார். நான் புட்டியைப் பிடுங்கினேன்! பால் இரண்டு டம்ளராகக் குறைந்தது. முதல் நாலு நாள் வீடே ரணகளம். மூன்றாவது வாரம் அந்தக் குழந்தை தானாகவே ஆச்சியின் தட்டில் கைவைத்து ரசம் சாதத்தை அள்ளியிருக்கிறது.

மால்ட் பவுடர் விஷயமும் அப்படித்தான். அந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரையும் தானிய மாவும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே, இந்தப் பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. 'அதைப் போட்டாத்தான் பால் குடிக்கிறான்' என்கிறார்கள். குடிக்காவிட்டால் தயிராகக் கொடுங்கள், மோராகக் கொடுங்கள். குடிமுழுகிப் போகாது.

சரி, ஊட்டுகிற விதத்துக்கு வருவோம். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து ஊட்டுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். அழும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து. 'சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு' என்று மிரட்டுவதையும் விட்டுவிடுங்கள். ஊசியே போடாத என்னைப் பார்த்தும் பிள்ளைகள் வாசலிலேயே அலறுவதற்கு அதுதான் காரணம்!

செல்போன்? "பாட்டி நிலாவைக் காட்டி ஊட்டலையா டாக்டர், அது மட்டும் சரியா?" என்று ஒரு அப்பா மடக்கினார். நல்ல கேள்வி. நிலா நிமிஷத்துக்கு இருபது தடவை மாறாது. பாட்டி கதை சொல்வாள், பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கும், கையிலிருக்கிற உருண்டையையும் பார்க்கும். போதும் என்று தலையைத் திருப்பினால் நிறுத்திவிடுவாள். (எல்லாப் பாட்டிகளும் நிறுத்தினார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்!) செல்போனைப் பார்க்கிற குழந்தைக்கு என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இரண்டு வயசு வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

நம் மருத்துவத்தில் மந்தம் என்பதை நோய்க்கு வாசற்படி என்றே சொல்லலாம். முன்னால் சாப்பிட்டது செரிக்காமல் அடுத்ததைத் திணித்தால் மந்தம். திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் எழுதிய பத்துக் குறளில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றியே இல்லை. செரித்ததா என்று பார்த்து, அளவறிந்து சாப்பிடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. பெரியவர்களுக்குப் பொருந்துவது ஒன்றரை வயசுப் பிள்ளைக்குப் பொருந்தாதா?

ஆகவே ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். குடும்பத்தோடு தரையில் உட்காரவைத்துத் தனித் தட்டு கொடுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் வயசுக்கு ஒரு மேஜைக் கரண்டி வைத்தால் போதும். கேட்டால் இன்னும் வைக்கலாம். அள்ளட்டும், பிசையட்டும், கீழே சிந்தட்டும், ஒரு பழைய பேப்பரை விரித்துவிடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், 'ஒரே ஒரு வாய் கண்ணு' என்று கெஞ்சவும் வேண்டாம். 'சாப்பிடலையே' என்று அரைமணி நேரத்தில் பிஸ்கட்டை மட்டும் நீட்டிவிடாதீர்கள். அங்கேதான் எல்லாரும் தோற்கிறோம்.

என்ன கொடுப்பது? இதற்குத் தனிச் சமையலே தேவையில்லை. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதற்கு நேரமும் கிடையாது.

என் அனுபவத்தில் பிடிவாதக் குழந்தைகளை வழிக்குக் கொண்டுவருவதில் குழிப்பணியாரக் கல்லுக்கு ஈடு இல்லை. இட்லி மாவு மீந்திருக்கும். அதில் ஒரு கை கேழ்வரகு மாவு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், துருவிய கேரட், ஒரு சிட்டிகை சீரகம். நல்லெண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தால் பிள்ளையின் கைக்குள் அடங்கும் பண்டம். ஸ்பூனை வெறுக்கிற குழந்தைகூட, கையில் பிடித்துக் கடிக்கிற எதையும் ஒரு தடவை ருசி பார்க்கும். இட்லியை விரல் விரலாக நறுக்கி நெய் தடவி, மிளகாய் போடாத எள்ளுப்பொடியில் புரட்டினாலும் இதே கதைதான்.

மதியத்துக்கு, வறுத்த பாசிப்பருப்பு ஒரு பங்கு, அரிசி மூன்று பங்கு, சீரகம், ஒன்றிரண்டு மிளகுப்பொடி போட்டுக் குழைய வேகவைத்த பருப்புச் சோறு. மேலே நெய், பக்கத்தில் மசித்த கீரை, கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சை. அந்தப் புளிப்பு இருந்தால்தான் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். அசைவ வீடுகளில் நன்றாக வேகவைத்த முட்டையை மிளகுப்பொடியோடு உதிர்த்துக் கொடுக்கலாம். மத்தி, அயிலை போன்ற சின்ன மீன்களை முள் பார்த்து எடுத்துவிட்டு ஊறிய சோற்றில் பிசையலாம். பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று பேர் வாங்கிய சுறாப் புட்டைக் குழந்தைக்கு அடிக்கடி கொடுக்க வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தங்களி அருமையான உணவு. நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் விட்டுக் கொடுப்பார்கள். ஆனால் ஒன்று, கருப்பட்டியும் இனிப்புதான்! இரண்டு வயசுக்குள் இனிப்பே சேர்க்காமல் பழக்குவது நல்லது. அந்த வயசில் களிக்குப் பதில் உப்புப் போட்ட உளுந்தங்கஞ்சி, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய்ப்பால். சாயங்காலத்துக்கு ஊறவைத்த அவலில் மசித்த வாழைப்பழம், தேங்காய்த்துருவல். இரண்டே நிமிஷ வேலை.

சத்துமாவுக் கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 'பதினெட்டு வகை தானியம்', 'இருபத்துநாலு வகை' என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எண்ணிக்கையில் எந்தப் பெருமையும் இல்லை. இருபது சாமானில் ஒன்று குழந்தைக்கு ஒவ்வாமல் போனால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு, பாசிப்பயறு, கொஞ்சம் பொட்டுக்கடலை, இந்த மூன்று போதும். முளைகட்டினால் கஞ்சி கெட்டிப்படாது, சத்தும் எளிதில் சேரும். அங்கன்வாடியில் இலவசமாகக் கொடுக்கிறார்களே சத்துமாவு, அதைக் கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

புதிய பதார்த்தத்தை ஒரு தடவை துப்பிவிட்டால், 'அவனுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பத்துத் தடவை, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் வாயில் போடவே துணியும். தினமும் வேண்டாம், இரண்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு துண்டு. நீங்கள் அதைச் சாப்பிடுவதை அவன் பார்க்க வேண்டும். அப்பா பீர்க்கங்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற வீட்டில் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

லேகியம் கேட்டீர்கள் அல்லவா? ஒரு வயசு தாண்டிய பிள்ளைக்கு ஓமம், சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, துளி பெருங்காயம் எல்லாம் வறுத்துப் பொடித்து, சூடான சோற்றில் நெய்யோடு முதல் இரண்டு கவளத்துக்கு ஒரு சிட்டிகை. சமையலறையில் செய்கிற அளவில் இது போதும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் செந்தூரம், பற்பம் எதையும் யார் சொன்னாலும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வயசுக்குள் தேன் கூடவே கூடாது, மருந்துக்கு அனுபானமாகக்கூட. முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை, முழுத் திராட்சை இவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்தும், சுண்டலை மசித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

எடை இரண்டு மூன்று மாதமாக ஏறவே இல்லை அல்லது இறங்குகிறது, விழுங்கும்போதெல்லாம் இருமுகிறான், மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பைத் தின்கிறான், அடிக்கடி காய்ச்சல், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, நாலைந்து பண்டம் தவிர எதைக் கண்டாலும் குமட்டுகிறான். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்னதை எல்லாம் முயன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதே வாரத்தில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் குழந்தையின் பழைய எடைகள் குறித்திருக்கும்.