உடைந்த கண்ணாடியும் சங்கத்தின் பணமும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் நெரிசலிடையே ஒரு சங்கத்தின் சரக்கு வேனில் பக்கக் கண்ணாடி உடைந்தது. நிர்வாகக் குழு கூடும்வரை அட்டையை ஒட்டியே வேனை ஓட்டினர். ஆய்வுக்குச் சென்ற நாம், உப்புக் காற்றும் நிலக்கரித் தூசும் படிந்து விலைபோகாத சேலைக் கட்டுகளைக் கண்டோம். கண்ணாடிச் செலவு மிஞ்சியது; நெசவாளரின் உழைப்பு வீணாயிற்று.

சாதாரணக் கண்ணாடியை அறுத்துப் பொருத்தினால் போதாதா என்பாரும் உளர். போதாது. வேனின் பக்கக் கண்ணாடி, சூடேற்றி விரைவில் குளிர்வித்து உறுதியாக்கப்பட்டது. உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும். சாதாரணக் கண்ணாடியோ கத்தியெனப் பிளந்து ஓட்டுநரைக் காயப்படுத்தும். உறுதியாக்கிய கண்ணாடியைப் பின்னர் அறுக்கவும் இயலாது. வண்டியின் மாதிரியைச் சொல்லி அளவானதையே வாங்க வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதியும் சாதாரணக் கண்ணாடியை ஏற்பதில்லை.

ஆகவே, அவசரப் பழுதுக்கு ஒரு வரம்புக்குள் காரியதரிசியே செலவிட்டு, அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெறலாம் என ஒவ்வொரு சங்கமும், துணைவிதிகளுக்கு உட்பட்டு, முன்கூட்டியே தீர்மானித்தல் நலம். பணம் துர்விநியோகமாகும் என்னும் அங்கத்தினரின் அச்சம் நியாயமானதே. வரம்பும் ரசீதும் அதற்காகவே. அவை ஒழுங்காயிருப்பின், ஆய்வில் நாம் குறை கூறோம். சிக்கனம் வேறு, சங்கடத்தைத் தள்ளிப்போடுவது வேறு.