தலைக்குத் தேய்க்கும் பசை: டப்பாவின் பின்புறத்தை வாசியுங்கள்



மாநகரத்துக் கடைகளில் ஷாம்பு அடுக்கியிருக்கும் இடத்தருகே, அண்மைக் காலமாக, 'ஸ்கால்ப் ஸ்கிரப்' என்று எழுதிய டப்பாக்களைக் கண்டிருப்பீர்கள். மயிருக்கு அல்ல, மயிர் முளைக்கும் தோலுக்குத் தேய்க்கிற நறநறப்பான பசை அது. பொடுகை நீக்கும், அரிப்பை ஆற்றும், முடியை வளர்க்கும் என்று முன்புறம் முழுவதும் வாக்குறுதிகள். விலையோ ஒரு குடும்பத்தின் மாத ஷாம்புச் செலவை எளிதில் தாண்டிவிடும். கல்லூரிக்குச் செல்லும் உங்கள் மகள் அதைக் கேட்டால் உடனே மறுத்துவிடவும் வேண்டாம், உடனே வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். டப்பாவைத் திருப்பிப் பின்புறத்தை வாசியுங்கள்.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேற்பட்ட சேர்மானங்களை அளவு கூடியது முதலாகக் குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும். அதற்கு உட்பட்டவை கடைசியில் எந்த ஒழுங்கிலும் வரலாம். மிகச் சிறிய பொட்டலங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த வரிசையில் 'பினாக்ஸி எத்தனால்' என்ற பெயரைத் தேடுங்கள். அது கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் உச்ச வரம்பே 1 சதவீதம். பொதுவாக எங்கும் அதற்குள்ளேயே சேர்க்கிறார்கள். ஆகையால் அதற்குப் பின்னால் வரும் எதுவும் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் அடங்கியதே. முன்புறத்தில் பெரிய படமாய் அச்சிட்ட வேப்பிலையும் கற்றாழையும் பலமுறை அங்கேதான் ஒதுங்கி நிற்கும்.

அடுத்து, நறநறப்பு எதனால் வருகிறது என்று பாருங்கள். சர்க்கரையும் (சுக்ரோஸ் என்று இருக்கும்) உப்பும் நீரில் கரைந்து போகும்; ஆயினும் சொறிந்து புண்ணான தலையில் உப்பு எரியும். வாதுமை ஓடு, ஆப்ரிகாட் கொட்டை முதலியவற்றின் பொடி கரைவதில்லை. அதன் துகள்கள் கூர்முனை உடையவை. மயிருக்கு இடையில் சிக்கிய துகளை அலசி எடுப்பதும் கடினம். 'பாலிஎத்திலீன்' என்றிருந்தால் அது பிளாஸ்டிக் மணி. கழுவிவிட்டால் சாக்கடை வழியே நீர்நிலைகளுக்குப் போகும். இதற்காகவே அமெரிக்கா 2015இல் சட்டம் இயற்றி, கழுவி நீக்கும் பொருள்களில் இம்மணிகளைத் தடை செய்தது. அப்படிப்பட்ட டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

உண்மையில் செதிலைத் தளர்த்துவது தேய்ப்பைக் காட்டிலும் சாலிசிலிக் அமிலமே. எண்ணெய்ப் பசைக்குள்ளும் ஊடுருவி, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இறந்த தோலணுக்களை அது பிரிக்கிறது. பொடுகு மருந்தாக விற்க அமெரிக்க விதி அனுமதிக்கும் அளவு 1.8 முதல் 3 சதவீதம். சதவீதத்தை வெளிப்படையாக அச்சிட்டிருக்கும் டப்பாவை நான் அதிகம் மதிப்பேன். ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தலையில் இதைத் தேய்க்காதீர்கள்.

'டீ ட்ரீ ஆயில்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் குடிக்கும் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை. ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையிலிருந்து வடிப்பது. 126 பேரிடம் நான்கு வாரம் செய்து 2002இல் வெளியான ஆய்வில், இந்த எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஷாம்புவால் பொடுகு 41 சதவீதம் குறைந்தது. எண்ணெய் கலவாத ஷாம்புவால் 11 சதவீதமே குறைந்தது. நற்செய்திதான். ஆனால் அங்கே இருந்தது 5 சதவீதம். உங்கள் கையிலுள்ள டப்பாவில் அது பட்டியலின் கடைசிப் பெயராக இருந்தால் அதே பலனை எதிர்பார்ப்பது எப்படி?

மென்தால் குளிர்ச்சியை உணரச் செய்கிறது. அந்தக் குளிர்ச்சியே தூய்மை ஆகிவிடாது. 'பர்ஃபம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் மறைந்திருக்கலாம். 'மெத்தில்ஐசோதயாசோலினோன்' என்ற நீண்ட பெயர் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது. புதிய பசை எதுவாயினும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டொரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் தலையில் இருப்பது இன்னதென்று தெரிந்தபின் பார்க்க வேண்டியவை. பெங்களூரில் ஆழ்துளைக் கிணற்றுநீரை நம்பி வாழும் வீடுகளில், தலைக்குச் சோப்பு இட்டால் நீரிலுள்ள சுண்ணச்சத்தோடு கூடி வெண்ணிறப் படிவு உண்டாகும். அதைப் பொடுகென்று எண்ணி ஸ்கிரப் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சோப்பை விட்டு ஷாம்புக்கு மாறுவதே போதும். அதன் பட்டியலில் 'டைசோடியம் ஈடிடிஏ' இருந்தால், அது சுண்ணச்சத்தைப் பிடித்து வைக்கும்.

மெய்யான பொடுகில் மலசீசியா என்னும் பூஞ்சைக்குப் பங்கு உண்டு. அது தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வது. ஆகையால் பொடுகுள்ள தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவிடும் நம் வீட்டு வழக்கத்தையும் நிறுத்தத்தான் வேண்டும், பாட்டிமார் வருந்தக்கூடாது. அதற்குக் கீட்டோகோனசோல் கலந்த மருந்து ஷாம்பு பூஞ்சையையே தாக்குகிறது. ஸ்கிரப் செதிலை மட்டும் அகற்றுகிறது.

பள்ளிப் பிள்ளையின் தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்து செதிலும் தென்பட்டால், அது படர்தாமரையாக இருக்கலாம். அதைத் தேய்க்கத் தேய்க்கப் புண்ணாகும். உள்ளுக்கு மருந்து சாப்பிட்டால்தான் குணமாகும். தடித்த வெள்ளிநிறச் செதில், சீழ், இரத்தக் கசிவு இவற்றில் எதைக் கண்டாலும், ஷாம்பு போட்டு நான்கு வாரமாகியும் அரிப்பு குறையாவிட்டாலும், தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். செல்லும்போது பயன்படுத்திய டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். ஒவ்வாமையா, நோயா என்று பிரித்தறிய அந்தப் பின்புறப் பட்டியல் அவருக்கும் உதவும்.