ஒல்லாந்தர் கோட்டைக்கு ஒரு நாள்

 

விடுமுறை வந்தால் வேன் பிடித்து, சோற்றுப் பொதியும் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு புறப்படுகிறோம். நல்லதுதான். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது.

நெதர்லாந்து செல்வோர் கிண்டர்டைக் கிராமத்தில் வாய்க்கால் ஓரம் நிற்கும் 19 காற்றாலைகளைப் பார்த்து வியக்கிறார்கள். பள்ள நிலத்து நீரை இறைக்கக் கட்டப்பட்டவை அவை. அதே ஒல்லாந்தர் ஆண்ட கோட்டையொன்று கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில், மட்டக்களப்புப் புளியந்தீவில் இருக்கிறது. இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர்.

அந்த மதிலடியில் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை மேற்குக் கரையிலிருந்து விரட்டினர். கண்டி மன்னர் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்கிறது வரலாறு. பின்வந்த ஒல்லாந்தரும் முஸ்லிம்களிடம் கட்டாய ஊழியம் வாங்கினர்.

விரட்டியவரும் போனார், ஊழியம் வாங்கியவரும் போனார். கல் மட்டும் நிற்கிறது. பௌத்த மன்னர் தந்த தஞ்சமோ வயலாகவும் வீடாகவும் பள்ளிவாசலாகவும் இன்றும் வாழ்கிறது. இதை அறிந்த பிள்ளை அயலவரைப் பகைக்குமா?

இன்னொன்று: இந்தத் தூரத்துக்குக் கஸ்ர் கிடையாது. ளுஹரையும் அஸரையும் உரிய நேரத்தில் முழுமையாகத் தொழுதுகொள்ளுங்கள்.

பார்த்துப் படிப்பினை பெறும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.