முற்றத்தில் கொஞ்சம் மண் மிஞ்சட்டும்



சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் நம் ஊர்களின் மாலைப்பொழுது மாறிவிடுகிறது. துபையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கின்றனர். பகலெல்லாம் வெயிலுக்கு அஞ்சி உள்ளே அடைந்து கிடந்த வீடு, இஷா முடிந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் முற்றத்துக்கும் மொட்டைமாடிக்கும் வந்துவிடுகிறது. கரி அடுப்பு மூட்டப்படுகிறது. எலுமிச்சையும் மிளகும் பூண்டும் ஊறிய கோழியும், அன்று காலை கரைக்கு வந்த சீலாவும் பாறையும் கம்பிவலையின் மேல் ஏறுகின்றன. வளைகுடாவில் பாலைவன முகாம்களில் கண்ட ‘மஷ்வி’ விருந்து, தாமிரபரணியின் கழிமுகத்தில் நம் வீட்டு விருந்தாகவும் ஆகிவிட்டது.

இதனை ஆடம்பரம் என்றும் அந்நியப் பழக்கம் என்றும் கடிந்துகொள்ளும் பெரியவர்கள் உண்டு. நாம் அவர்களோடு முழுவதும் உடன்படவில்லை. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் தம்மிடம் வந்த விருந்தினர்க்குச் சுட்ட கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து வைத்ததைத் திருக்குர்ஆன் (11:69) எடுத்துரைக்கிறது. வந்தவர்கள் வானவர்கள் என்பதை அறியாமலேயே அவர்கள் காட்டிய உபசாரம் அது. எனவே, நெருப்பில் சுட்டு உறவோடு உண்பதில் குறையேதும் இல்லை. அலைபேசியை வைத்துவிட்டு மூன்று தலைமுறையினர் ஒரு சஹனைச் சுற்றி அமர்வதற்கு ஓர் அடுப்பு காரணமாகுமானால், அது நன்மையே.

நம் கவலை அடுப்பைப் பற்றியதன்று. அந்த அடுப்பு நிற்கும் தரையைப் பற்றியது.

மூடப்பட்ட தரை

ஒரு தலைமுறைக்கு முன் நம் வீடுகளின் கொல்லையில் மண் இருந்தது. முருங்கையும் மருதாணியும் கறிவேப்பிலையும் கிணற்றடியில் தாமாகவே வளர்ந்தன. இன்று புதிதாக எழும் வீடுகளில் வாசற்படி முதல் பின்சுவர் வரை சிமெண்டும் பேவர் கற்களும்தான். பசுமை வேண்டும் என்போர், நாள்தோறும் நீர் கேட்கும் புல்தரையை விலைகொடுத்து வாங்கிப் பரப்புகின்றனர். நமக்கே குழாயில் எப்போது நீர் வரும் என்று காத்திருக்கும் கோடையில், உண்ணவும் நிழலுக்கும் உதவாத புல்லுக்குக் குடிநீரைப் பாய்ச்சுகிறோம்.

வானிலிருந்து அளவோடு நீரை இறக்கி, அதனைப் பூமியில் தங்கச் செய்ததாக அல்லாஹ் (23:18) கூறுகின்றான். அதனைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் அவ்வசனத்திலேயே எச்சரிக்கின்றான். நீர் தங்குவதற்கென்று அவன் அமைத்த இடம் மண். அந்த மண்ணின் வாயை அடைத்துவிட்டு, நீர் இல்லை என்று நாம் அவனிடமே முறையிடுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நாம் எவரும் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் அன்று விழுந்த நீர் ஏறத்தாழ 38 ஆயிரம் லிட்டர். முற்றங்களில் மண் இருந்திருந்தால் அந்த வெள்ளம் வந்திராது என்று நாம் சொல்லவில்லை. ஆறும் குளங்களும் உடைந்து வந்த பேரிடர் அது. ஆனால் ஆண்டுதோறும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் இயல்பான மழைக்கு இது பொருந்தும். அந்த மழை நம் வீட்டு வாசலில் குளமாக நிற்பதற்கும், அடுத்த சித்திரையில் நம் கிணறு வற்றிக் கிடப்பதற்கும் மூடப்பட்ட தரை ஒரு முக்கியக் காரணம். மழைக்காலத்தில் வேண்டாம் என்று விரட்டிய நீரையே கோடையில் லாரிக்காரரிடம் விலைக்குக் கேட்கிறோம்.

கொற்கை கற்பிப்பது

நம் ஊர்களுக்கு அருகிலேயே கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாலமி முதலிய கிரேக்க எழுத்தாளர்களும் குறிப்பிட்ட பட்டினம். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகியது. கப்பல்கள் நின்ற இடம் வயலாயிற்று. பின்னர்க் கடலோரத்தில் காயல் எழுந்தது. மார்க்கோ போலோ கண்டு எழுதிய அந்தக் காயலும் பிற்காலத்தில் தன் துறைமுகத்தை இழந்தது. நீரும் நிலமும் இடம்பெயரும்போது எவ்வளவு பெரிய நகரமும் ஊராகச் சுருங்கிவிடும் என்பதை நாம் ஏட்டில் படிக்க வேண்டியதில்லை. பேருந்தில் ஏறிச் சென்றே பார்த்துவிடலாம்.

அந்தக் கொற்கையில் இன்றும் ஒரு வன்னி மரம் நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கண்ட மரம் என்பர் ஊரார். வயது எவ்வளவாயினும் துறைமுகம் போனபின்னும் அது பசுமையாக நிற்கிறது. வன்னி ஆழ வேரோடும் மரம். குறைந்த மழையிலும் கடும் வெயிலிலும் பிழைப்பது. வளைகுடாவில் வேலைபார்த்த நம் சகோதரர்கள் இதனை நன்கறிவர். பாலைவனத்தில் தாங்கள் எந்த மரத்தின் நிழலில் கரி அடுப்பு மூட்டி அமர்ந்தார்களோ, அந்த ‘காஃப்’ மரமும் நம் வன்னியும் ஒன்றே. ஐக்கிய அரபு அமீரகம் அதனைத் தன் தேசிய மரமாகப் போற்றுகிறது; 2019ஐச் சகிப்புத்தன்மையின் ஆண்டாக அறிவித்தபோது அதனையே சின்னமாகவும் கொண்டது. அங்கிருந்து சுடும் வழக்கத்தைக் கொண்டுவந்த நாம், அந்த மரத்தின் அருமையையும் கொண்டுவந்திருக்கலாம். அது முன்பே நம் ஊரில் இருந்ததை மறந்துவிட்டோம்.

வன்னி பெரிதாக வளரும். சிறு முற்றத்துக்கு ஒவ்வாது. ஆனால் மையவாடிகளிலும் மதரஸா வளாகங்களிலும் பள்ளிவாசலின் திறந்தவெளியிலும் அதற்கு இடமுண்டு.

உளூ நீரும் ஒரு தோட்டமும்

‘தோட்டத்துக்கு நீருக்கு எங்கே போவது?’ என்பது நியாயமான கேள்வி. விடை நாள்தோறும் ஐந்து வேளை நம் கைகளின் வழியே ஒழுகிச் செல்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. பெரும்பாலான அறிஞர்களின் கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நாம் செலவிடுவது அதைப்போல் பன்மடங்கு. சற்றுச் சிக்கனமாக ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் என்றே கொள்வோம். ஐவர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 50 லிட்டர். ஆண்கள் பள்ளிவாசலில் உளூச் செய்தாலும், பாதியேனும் வீட்டிலேயே சேரும். அது பத்துப் பன்னிரண்டு செடிகளுக்குப் போதும்.

இந்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சொல். கடமையான உளூவில் பயன்பட்ட சிறிதளவு நீரை நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் ‘முஸ்தஃமல்’ என்கின்றன. மீண்டும் உளூச் செய்ய அது தகாது. எனினும் அது தூய்மையான நீரே. சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வீட்டில் செய்வதைப் பள்ளிவாசலிலும் செய்யலாம். ஹவுளின் ஓரத்தில் சாக்கடைக்கு ஓடும் நீர், அவ்வளாகத்துத் தென்னைக்கும் வேம்புக்கும் ஓடட்டும். பாத்திரம் கழுவிய நீரில் சோப்பு இருப்பதால் அதனைக் கல்வாழை, சேம்பு போன்றவற்றுக்குத் தனியே விடுவது நலம்.

எதை நடுவது? நம் மணற்பாங்கான தரைக்குப் பழகியவற்றை நடுவோம். முருங்கை, கறிவேப்பிலை, மருதாணி, சோற்றுக்கற்றாழை, தூதுவளை, பிரண்டை, சீத்தா ஆகியவை வேர்பிடித்துவிட்டால் அதிகம் கேளாதவை. திருக்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மாதுளையும் வறட்சியைத் தாங்கும். செடியைச் சுற்றித் தென்னை மட்டையும் சருகும் மூடாக்காக இட்டால் ஈரம் காயாது. நீர் ஊற்றுவது அஸருக்குப் பின்னோ ஃபஜ்ருக்குப் பின்னோ ஆகட்டும். உச்சிவெயிலில் ஊற்றுவதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அது வேருக்கு மெல்ல மெல்லக் கசியவிடும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைக் கண்ட ஆற்றங்கரைக்குப் பானை புதிதன்று.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. அணிலும் காகமும் கொத்திய மாதுளை நட்டமன்று, வரவு.

நெருப்பின் ஒழுக்கம்

இனி அடுப்புக்கு வருவோம். கரியில் சுடுவதானால் சீமைக் கருவேலங் கரியைக் கேட்டு வாங்குங்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மரம், நம் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடி நாட்டு மரங்களை வளரவிடாமல் செய்கிறது. அதனை அகற்றுமாறு 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உத்தரவிட்டது. தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களில் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் பலர். நாட்டு மரம் வெட்டுப்படாமல் நம் விருந்தும் நடக்கும். அவர்கள் கூலியும் நடக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நல்லதே. பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டாம். காய்ந்த பாளையும் பன்னாடையும் போதும்.

குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகளார் அறிவுறுத்தினார்கள். குழம்பின் மணம் சுவருக்குள் அடங்கலாம். சுடும் இறைச்சியின் மணம் அடங்காது. நம் ஊர்களின் முடுக்குகளில் புகையும் மணமும் பத்து வீட்டைத் தொடும். அந்தப் பத்து வீட்டில் ஒன்றில் ஈளைநோயாளி இருக்கலாம். மற்றொன்றில் அன்று அடுப்பே எரியாதிருக்கலாம். ஆகவே, காற்றின் திசை பார்த்து மூட்டுவோம். முதல் தட்டு மதிற்சுவருக்கு அப்பால் போகட்டும். அண்டை வீட்டார் மாற்றுச் சமயத்தவராயினும் அவர்க்கும் அந்த உரிமை உண்டு.

இரவில் உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறும் நபிகளார் கட்டளையிட்டார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்துபோனதையொட்டி வந்த சொல் அது. சாம்பல் பூத்த கரி அணைந்த கரியன்று. நீர் தெளித்துக் கிளறிப் பார்த்துவிட்டே படுக்கச் செல்ல வேண்டும். ஆறிய சாம்பலில் ஒரு பிடி மறுநாள் செடியடிக்குப் போகலாம்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்கள் அடுப்பருகே நின்று படமெடுத்துக்கொள்ள, ஊறவைத்தது முதல் சஹன் கழுவுவது வரை பெண்களே செய்யும் விருந்து, பாதி வீட்டுக்கு மட்டுமே விடுமுறை. நபிகளார் தம் வீட்டு வேலைகளில் பங்கெடுத்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த ஸுன்னத்துக்கும் முற்றத்தில் இடமிருக்கட்டும்.

மறுப்புகளுக்கு ஒரு மறுமொழி

‘மண் இருந்தால் சேறு, பூச்சி, பெருக்கும் வேலை, சிமெண்ட் போட்டால் சுத்தம்’ என்பர். சேற்றின் தொல்லை உண்மையே; அதனைச் சுமப்பவர்கள் பெண்கள் என்பதும் உண்மையே. ஆகவே முழு முற்றத்தையும் மண்ணாக்கச் சொல்லவில்லை. நடக்க ஒரு பாதை, அடுப்பு வைக்க ஒரு மேடை, எஞ்சியது மண். கொசுவோ, தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. மண்ணுக்குள் இறங்கிவிட்ட நீரில் அன்று. ஒரு சாண் இடமும் இல்லாதவர்க்கு மாடியில் நான்கு தொட்டிகள் உண்டு.

கையில் ஒரு கன்று இருக்கும்போது மறுமையே வந்துவிட்டாலும், இயலுமாயின் அதனை நட்டுவிடுமாறு கூறிய நபியின் உம்மத் நாம். நட்டவர் அதன் நிழலில் அமரப்போவதில்லை; ஆயினும் நட வேண்டும். வெயில் கூடுகிறது, மழை முறைதவறுகிறது என்று அங்கலாய்ப்பதற்கு இதைவிடத் தெளிவான மறுமொழியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தக் கோடையில் அடுப்பை மூட்டுங்கள், உறவை அழையுங்கள், வயிறார உண்டு அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள். விருந்து முடிந்த மறுநாள் காலை, பிள்ளைகளை அழைத்து முற்றத்தில் நான்கு பேவர் கற்களைப் பெயர்த்தெடுங்கள். அவ்விடத்தில் ஒரு மாதுளங்கன்று. ஐப்பசி மழை முதலில் இறங்குவதற்கு அந்த நான்கு கல் அளவு வாயிலாவது திறந்திருக்கட்டும்.

உண்ணவும் பருகவும் அனுமதித்து, வீண்விரயம் செய்யாதீர் என்று தடுத்த வல்ல நாயன், நம் முற்றங்களிலும் நம் பிள்ளைகளின் முற்றங்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.